எவர்சில்வர் கேட்டில் வெல்டிங் வைத்த இடம் மட்டும் துருப்பிடிப்பது ஏன்? கள்ளக்குறிச்சி மண்ணில் கிடைத்த பழைய உருக்குக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

புது வீட்டுக்கு ஆசை ஆசையாக எவர்சில்வர் கேட் போடுகிறார்கள். சாதாரண இரும்பு கேட்டைவிட பல மடங்கு விலை. ஆறு மாதம் போகிறது. கம்பி எல்லாம் பளபளவென்று இருக்கிறது. ஆனால் கம்பியும் கம்பியும் சேரும் இடத்தில், வெல்டிங் வைத்த இடத்தைச் சுற்றி, காபிக் கறை மாதிரி பழுப்பாக ஒரு துரு.

"அண்ணே, 304-ன்னு சொல்லித்தானே காசு வாங்கினீங்க? இது டூப்ளிகேட்டா?" என்று கடைக்காரரிடம் சண்டை ஆரம்பிக்கும். "சரக்கு ஒரிஜினல்தான் சார், பில் இருக்கு" என்று அவரும் விடமாட்டார்.

இதில் பல நேரம் இரண்டு பேர் சொல்வதுமே உண்மை. சரக்கு நல்ல சரக்கு, துருவும் உண்மையான துரு. பில்லில் இருக்கும் சதவீதக் கணக்கு அந்த உலோகத்தின் உடம்பு முழுவதற்குமான சராசரி. துருப்பிடிக்குமா, பிடிக்காதா என்பதை முடிவு செய்வதோ அதன் மேல்தோல். அந்த மேல்தோலில் என்ன இருக்கிறது என்பது உள்ளே இருப்பதிலிருந்து ரொம்பவே மாறுபட்டிருக்கும்.

உருக்கில் கலந்த உலோகங்கள் மேற்பரப்பில் போய்ச் சேரும் இந்த விஷயம் கேட் வாங்குபவர்களுக்கு மட்டுமானதல்ல. கான்கிரீட் கம்பி, கார் பாடி, சமையல் பாத்திரம், சர்க்கரை ஆலைக் குழாய் என்று எல்லாவற்றிலும் இது உண்டு. சொல்லப்போனால், உருக்கில் கலப்பது பற்றிய ஆராய்ச்சிக்கே தூண்டுதலாக இருந்த ஒரு பொருள், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு காலத்தில் தயாரானது.

மேற்பரப்பில் மட்டும் அப்படி என்ன நடக்கிறது?

பாலைக் காய்ச்சி ஆற வைத்தால் மேலே ஆடை படிகிறது. கீழே இருக்கும் பாலும் மேலே இருக்கும் ஆடையும் ஒரே பாத்திரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டிலும் இருக்கும் கொழுப்பின் அளவு ஒன்றல்ல. உருக்கிலும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஒரே ஒரு வித்தியாசம். பாலில் கொழுப்பு எடை குறைவு என்பதால் மேலே வருகிறது. உருக்கில் எடைக்கு வேலையே இல்லை. தகட்டின் மேல் பக்கம், கீழ்ப் பக்கம், ஓரம் எல்லாமே 'மேற்பரப்பு'தான்.

உலோகத்துக்குள் இருக்கும் ஓர் அணுவுக்குச் சுற்றிலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் உண்டு. மேற்பரப்பில் நிற்கும் அணுவுக்கு ஒரு பக்கம் காலி. அதனால் உள்ளே நெருக்கடியில் சரியாகப் பொருந்தாத அணுக்கள், உதாரணமாக கந்தகம், பாஸ்பரஸ், வெள்ளீயம் போன்றவை, வாய்ப்பு கிடைத்தால் ஓரத்துக்குப் போய் நின்றுகொள்ளும். அங்கே அவற்றுக்கு நெருக்கடி கம்மி.

வேறு சில அணுக்கள் வெளியே இருக்கும் ஆக்சிஜனுக்காக வருகின்றன. குரோமியம், மாங்கனீசு, சிலிக்கான், அலுமினியம் ஆகிய நான்குக்கும் இரும்பைவிட ஆக்சிஜன் மேல் ஈர்ப்பு அதிகம். சூடான உருக்கு காற்றைப் பார்த்ததும் இவைதான் முதலில் ஆக்சிஜனோடு சேரும். சேர்ந்து முடிந்ததும் அந்த இடத்தில் ஒரு பற்றாக்குறை வரும், உள்ளே இருந்து அடுத்த அணுக்கள் நகர்ந்து வரும்.

மூன்றாவது ரகம் தானாக வருவதே இல்லை. சுற்றி இருப்பவர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு மிச்சம் நிற்பது. செம்பும் நிக்கலும் இந்த ரகம். இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து செதிலாக உரிந்து போகப் போக, ஆக்சிஜனோடு அவ்வளவு சீக்கிரம் சேராத செம்பு அடியில் அப்படியே தங்கிவிடும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சாதாரண வெயிலில் உருக்குக்குள் இருக்கும் அணுக்கள் நகர்வதே இல்லை என்று சொல்லிவிடலாம். இந்த நடமாட்டத்துக்கு நூற்றுக்கணக்கான டிகிரி சூடு வேண்டும். உலை, உருட்டாலை, வெல்டிங் என்று அந்தச் சூடு கிடைக்கும் இடங்களில்தான் கதை நடக்கிறது.

எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பது எப்படி?

வீட்டில் இருக்கும் நல்ல எவர்சில்வர் பாத்திரம் பெரும்பாலும் '304' ரகம். அதில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். மீதியில் பெரும்பகுதி இரும்புதான். அதாவது பாத்திரத்தில் பத்துக்கு ஏழு பங்கு துருப்பிடிக்கக்கூடிய இரும்பு. அப்படியும் புளிக்குழம்பு கொதிக்கிறது, மோர் புளிக்கிறது, பாத்திரத்துக்கு ஒன்றும் ஆவதில்லை.

காரணம், மேலே இருக்கும் ஒரு படலம். அதன் தடிமன் 1 முதல் 3 நானோமீட்டர் வரைதான். ஒரு தலைமுடியின் குறுக்களவில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. குரோமியமும் ஆக்சிஜனும் சேர்ந்த படலம் அது. கண்ணுக்குத் தெரியாது, கையில் தட்டுப்படாது. கீறல் விழுந்தால் காற்றில் இருக்கும் ஆக்சிஜனைக் கொண்டே தன்னைத்தானே திரும்பப் போட்டுக்கொள்ளும்.

அறை வெப்பத்தில் அணுக்கள் நகராது என்றால் மேலே குரோமியம் எப்படிச் சேர்ந்தது? உள்ளே இருந்து குரோமியம் வரவில்லை, மேலே இருந்த இரும்பு கழன்று போனது. தண்ணீரும் அமிலமும் படும்போது இரும்பு அணுக்கள் சீக்கிரம் கரைந்து வெளியேறுகின்றன. குரோமியத்தின் ஆக்சைடு கரையாமல் நிற்கிறது. கூட்டத்தில் பாதிப்பேர் எழுந்து போனால் மிச்சம் இருப்பவர்களின் விகிதம் கூடுமே, அந்தக் கணக்குதான். உடம்பில் 18 சதவீதமாக இருக்கும் குரோமியம், நன்றாக அமிலத்தில் கழுவிய பரப்பின் படலத்தில் உலோக அணுக்களில் பாதிக்கும் மேலே போய்விடக்கூடும்.

உடம்பில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால்தான் இந்தப் படலம் இடைவெளி இல்லாமல் மூடும். அதற்குக் கீழே போனால் ஓட்டை விழுந்த குடை மாதிரி. இந்த 10.5 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வெல்டிங் விஷயத்தில் திரும்ப வரும்.

கல்வராயன் மலைக் கடுக்காயை வைத்து ஒரு சோதனை

இந்தப் படலம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. கல்வராயன் மலையில் மலைவாழ் மக்கள் சேகரித்து இறக்கும் கடுக்காய் போதும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும்.

இரண்டு கடுக்காயை உடைத்துக் கொட்டையை நீக்கித் தண்ணீரில் ஊற வையுங்கள். அந்தத் தண்ணீரை இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஒன்றில் சாதாரண இரும்பு ஆணியையும் இன்னொன்றில் எவர்சில்வர் ஸ்பூனையும் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். ஆணி போட்ட டம்ளர் காலையில் மை மாதிரி கறுத்திருக்கும். கடுக்காயில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள், கரைந்து வந்த இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. அந்தக் காலத்தில் கடுக்காயில் மை தயாரித்ததும் இதே முறையில்தான்.

ஸ்பூன் போட்ட டம்ளர் அப்படிக் கறுக்காது. ஸ்பூனிலும் இரும்பு இருக்கிறது, பத்துக்கு ஏழு பங்கு இருக்கிறது. ஆனால் சில நானோமீட்டர் படலத்தைத் தாண்டி அது வெளியே வர முடியவில்லை.

வெல்டிங் வைத்த இடத்தில் என்ன ஆகிறது?

எவர்சில்வரை வெல்டிங் செய்தால் சுற்றிலும் வானவில் மாதிரி நிறங்கள் தெரியும். வைக்கோல் நிறம், தங்க நிறம், ஊதா, நீலம். சிலர் அதை அழகு என்றுகூட விட்டுவிடுவார்கள். அந்த நிறம்தான் ஆபத்தின் அடையாளம்.

வெல்டிங் சூட்டில் அணுக்களுக்குக் கால் முளைக்கிறது. குரோமியம் ஆக்சிஜனைத் தேடி மேலே ஓடுகிறது. சில நானோமீட்டர் இருந்த படலம் பல மடங்கு தடிக்கிறது. அதன் தடிமனைப் பொறுத்துதான் நிறம் மாறுகிறது, தண்ணீரில் எண்ணெய்ப் படலம் நிறம் காட்டுவதுபோல. படலம் தடித்தால் நல்லதுதானே என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். மேலே ஓடிய குரோமியம், அதற்கு நேர் கீழே இருந்த அடுக்கிலிருந்து வந்தது. அந்த அடுக்கை நிரப்ப ஆழத்திலிருந்து குரோமியம் வந்து சேர்வதற்குள் வெல்டிங் ஆறிவிடுகிறது.

முடிவில், மேலே விரிசலும் ஓட்டையுமாக ஒரு தடித்த படலம், அதன் கீழே குரோமியம் வற்றிப்போன ஒரு மெல்லிய அடுக்கு. அந்த அடுக்கில் குரோமியம் 10.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் அது எவர்சில்வரே இல்லை, சாதாரண இரும்பின் பங்காளி. மழைத்தண்ணீர் விரிசல் வழியாக இறங்கினால் அங்கே துரு ஆரம்பிக்கும். கம்பியை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினால் அறிக்கையில் 18 சதவீதம் என்றே வரும், ஏனென்றால் சோதனை பார்ப்பது உடம்பை.

இன்னொரு வழியிலும் குரோமியம் காணாமல் போகும். சுமார் 450 முதல் 850 டிகிரி வரையிலான சூட்டில் அதிக நேரம் இருந்தால், உருக்கில் உள்ள கரி குரோமியத்தைப் பிடித்து, உலோகத்தின் குறுணைகளுக்கு இடையிலான எல்லைகளில் சேர்த்துவிடும். அந்த எல்லையை ஒட்டிய பகுதி பலவீனமாகும். இதற்காகவே கரி குறைத்த '304எல்' என்ற ரகம் விற்கிறார்கள். தடித்த தகடு, தொட்டி, பால் டேங்க் வேலைக்கு அந்த ரகம் நல்லது.

சரி, என்ன செய்யலாம்?

அந்த நிறத்தை அடியோடு எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பட்டறையில் 'பிக்லிங் பேஸ்ட்' என்று வைத்திருப்பார்கள். தடித்த படலத்தையும் கீழே வற்றிய அடுக்கையும் சேர்த்து அது கரைத்துவிடும். அதன்பின் உள்ளே இருக்கும் நல்ல உலோகம் வெளியே வந்து, தானே புதுப் படலம் போட்டுக்கொள்ளும். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் கலந்த பேஸ்ட் அது. தோலில் பட்டால் எலும்பு வரை பாதிக்கும் அளவு ஆபத்தானது. ஆகவே வீட்டுக்காரர் வாங்கித் தேய்க்கும் சமாச்சாரம் அல்ல. கையுறை, கண்ணாடி போட்ட வேலையாள் செய்ய வேண்டும். நன்றாகத் தேய்த்து பாலிஷ் போட்டு நிறத்தை எடுத்தாலும் பலன் உண்டு.

செய்யக்கூடாத ஒன்று, சாதாரண இரும்பு வயர் பிரஷ்ஷால் தேய்ப்பது. பிரஷ்ஷிலிருந்து ஒட்டும் இரும்புத் துகளே அடுத்த மழையில் துருவாகும். கேட் ஆர்டர் கொடுக்கும்போதே "வெல்டிங் கலர் எடுத்துக் கொடுப்பீங்களா?" என்று கேட்டுவிடுவது நல்லது. 304-ஆ என்று கேட்பவர்கள் நிறைய பேர், இதைக் கேட்பவர்கள் குறைவு.

சேலம் உருக்காலையில் இதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம், ஆத்தூர் வழியாக மேற்கே போனால் சேலம். அங்கே கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கும் இந்தப் பொதுத்துறை ஆலை 1981-ல் உற்பத்தியைத் தொடங்கியது. சூட்டில் உருட்டிய தகடு கறுத்துப் போய் வரும். அதை உலையில் பதப்படுத்தி, அமிலத் தொட்டிகளில் ஓடவிட்டுக் கறுப்பை எடுக்கிறார்கள். கடையில் பார்க்கும் வெண்ணிறத் தகடு இந்த அமிலக் குளியல் முடிந்த பிறகு கிடைப்பது.

காந்தம் ஒட்டினால் டூப்ளிகேட்டா?

பாத்திரக் கடையில் காந்தம் கொண்டுபோய் சோதிப்பவர்கள் உண்டு. இதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஒரு ரூபாய் நாணயத்தில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டும். அது குரோமியம் கலந்த, நிக்கல் இல்லாத எவர்சில்வர். வருடக்கணக்கில் வியர்வைக் கையில் புரண்டும் துருப்பிடிப்பதில்லை. இண்டக்ஷன் அடுப்புப் பாத்திரத்தின் அடிப்பாகத்திலும் காந்தம் ஒட்டும் ரகத்தைத்தான் வைக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய '200 வரிசை' உருக்கு காந்தத்தில் ஒட்டாது. விலை கம்மி. ஆனால் அதில் குரோமியமும் பொதுவாக 304-ஐவிடக் குறைவு என்பதால் உப்பும் புளிப்பும் படும் இடத்தில் சீக்கிரம் கறை வரும். ஆக, காந்தச் சோதனையில் நல்லது தோற்கவும் சுமாரானது ஜெயிக்கவும் வாய்ப்பு இருக்கிறது.

எவ்வளவு நல்ல படலமாக இருந்தாலும் உப்பில் உள்ள குளோரைடு அதற்கு எதிரி. பாத்ரூம் கழுவும் ஆசிட், பிளீச்சிங் பவுடர் இரண்டையும் எவர்சில்வர் சிங்க்கில் ஊற்றக்கூடாது. குளிர்ந்த தண்ணீரில் கல் உப்பைப் போட்டு அப்படியே வைத்தால், உப்பு அடியில் கிடக்கும் இடத்தில் ஊசி குத்தியதுபோல் புள்ளிகள் விழும். தண்ணீர் கொதித்த பிறகு உப்பு போட்டுக் கிளறினால் அந்தப் பிரச்சினை இல்லை.

மேல்சிறுவள்ளூரில் கிடைத்தது என்ன?

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதற்கு ரொம்ப முன்னால் இந்தப் பகுதி தென்னாற்காடு மாவட்டம். அந்தப் பெயரில்தான் இங்குள்ள மேல்சிறுவள்ளூர் கிராமம் உலோகவியல் ஆய்வு நூல்களில் இடம்பிடித்தது.

உலோகத் தொல்லியல் ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன், இங்கே பழைய மூசைகளின் உடைந்த துண்டுகளைக் கண்டறிந்து, அவற்றில் ஒட்டியிருந்த உலோகத் துளிகளை ஆராய்ந்தார். அவரது கட்டுரை 1994-ல் வெளியானது. கரி அதிகமுள்ள உருக்கை மூசையில் தயாரித்த இடம் இது என்பது அதன் முடிவு. உலகம் 'ஊட்ஸ்' என்று அழைத்த தென்னிந்திய உருக்கு அதுதான். 'உருக்கு' என்ற நம் சொல்லோடு தொடர்புடையது அந்தப் பெயர் என்பது பலரது கருத்து. சாரதா ஸ்ரீனிவாசனுக்கு 2019-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சேலம் வட்டாரத்தில் இந்த உருக்கைத் தயாரித்த முறையை 19-ஆம் நூற்றாண்டு வெள்ளையர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். களிமண் மூசையில் இரும்புத் துண்டுகளைப் போட்டு, கூடவே ஆவாரங்குச்சியை நறுக்கிப் போட்டு, மேலே எருக்கிலை வைத்து, வாயை மண்ணால் அடைத்து, கரி நெருப்பில் வைத்து ஊதுவார்கள். குச்சியும் இலையும் கரியாகி இரும்புக்குள் ஏறும். காற்று உள்ளே வராததால் வெளித்தோல் எரிந்து வீணாகாது. மூசையை மூடி வைத்ததில்தான் முழு சூட்சுமமும் இருக்கிறது.

இந்த வகை உருக்கில் அடித்த வாள்களில் நீரலை போன்ற கோலம் தெரியும். அந்தக் கோலம் எப்படி வந்தது என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வெர்ஹோவனும், புளோரிடாவைச் சேர்ந்த கொல்லர் ஆல்ஃபிரட் பெண்ட்ரேயும் சேர்ந்து பழைய வாள்களை ஆராய்ந்து, அதேபோன்ற வாளை அடித்தும் பார்த்து, 1998-ல் ஒரு விளக்கம் தந்தார்கள். தாதுவிலிருந்து தற்செயலாக வந்த வனேடியம் போன்ற தனிமங்களே காரணம் என்றார்கள். அளவு 0.01 சதவீதத்துக்கும் குறைவு.

அவ்வளவு சொற்பம் எப்படிக் கோலம் போடும்? உருகிய உருக்கு மெல்ல உறையும்போது மரக்கிளை மாதிரி கிளை விட்டு உறைகிறது. கிளைக்குள் இடம் கிடைக்காத வனேடியம், கிளைகளுக்கு நடுவே உறையாமல் மிச்சம் இருக்கும் திரவத்துக்குத் தள்ளப்படுகிறது. பிறகு கொல்லர் திரும்பத் திரும்பச் சுட்டு அடிக்கும்போது அந்தத் தடங்களிலேயே கார்பைடு மணிகள் வரிசை கட்டுகின்றன. இது மேற்பரப்புக்கு வருவது அல்ல, உள்ளுக்குள்ளேயே ஓரம் கட்டுவது. ஆனால் பாடம் ஒன்றே: மொத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் விளைவைத் தீர்மானிக்கிறது.

இந்த ஊட்ஸ் கட்டிகள் லண்டனுக்குப் போய் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயின் கைக்குக் கிடைத்தன. அதைப்போல ஒன்றைச் செய்ய முயன்றுதான் அவரும் ஸ்டோடார்ட் என்பவரும் உருக்கில் வெள்ளி, பிளாட்டினம், பிறகு குரோமியம் என்று கலந்து பார்த்தார்கள். அந்தச் சோதனைகள் 1820, 1822-ஆம் ஆண்டுகளில் வெளியாயின. துருப்பிடிக்காத உருக்கை ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கியது 1913-ல். கள்ளக்குறிச்சி வட்டார மூசை உருக்கிலிருந்து கேட்டுக் கம்பி வரை நேர்க்கோடு போட முடியாது. ஆனால் 'எதைக் கலந்தால் என்ன ஆகும்' என்ற கேள்வியை ஐரோப்பாவில் கிளப்பியதில் ஊட்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

பரங்கிப்பேட்டையிலிருந்து ஷெஃபீல்டுக்குப் போன மனிதர்

அதே பழைய தென்னாற்காட்டின் கடலோரத்தில் பரங்கிப்பேட்டை. கிழக்கிந்திய கம்பெனியில் வேலை பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830-ல் அங்கே இரும்பாலை தொடங்கினார். சேலம் வட்டாரத் தாது, எரிபொருளாக மரக்கரி. ஆலை நீண்ட காலம் லாபத்தில் நிற்கவில்லை. ஹீத் இங்கிலாந்து திரும்பி 1839-ல் ஒரு காப்புரிமை எடுத்தார். உருக்கில் மாங்கனீசையும் கரியையும் சேர்க்கும் முறை அது.

கந்தகம்தான் அப்போது பெரிய தலைவலி. நிலக்கரியில் உருக்கிய இரும்பில் கந்தகம் ஏறிவிடும். குறுணைகளின் எல்லையில் போய்ச் சேரும் கந்தகம், இரும்போடு சேர்ந்து 1,000 டிகிரிக்குக் கீழேயே உருகிவிடும் ஒரு கலவையாகும். சிவக்கச் சுட்டு அடித்தால் உருக்கு பிளந்துவிடும். மாங்கனீசு இருந்தால் கந்தகத்தை அது தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும், எல்லைக்கு விடாது. ஹீத்தின் முறையால் ஷெஃபீல்டில் உருக்கின் விலை இறங்கியது. ஹீத்துக்கு மட்டும் பணம் வரவில்லை. காப்புரிமையை மற்றவர்கள் சுற்றிவளைத்துப் பயன்படுத்தினார்கள். வழக்கு அவர் இறந்த பிறகும் நடந்தது.

அதே மாங்கனீசு இன்று கார் தொழிற்சாலைகளுக்கு வேறு விதமான தலைவலி. காரின் பாடிக்கான வலுவான தகட்டில் மாங்கனீசு 2 சதவீதம் வரை இருக்கும். துத்தநாகப் பூச்சுக்கு முன் அந்தத் தகட்டை ஹைட்ரஜன் கலந்த உலையில் சுடுகிறார்கள், இரும்பில் ஆக்சைடு வரக்கூடாது என்பதற்காக. இரும்புக்கு அது போதும், மாங்கனீசுக்கும் சிலிக்கானுக்கும் போதாது. உலையில் இருக்கும் துளி ஈரப்பதத்திலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கி அவை மேற்பரப்பில் படிந்துவிடும். அந்த இடத்தில் துத்தநாகம் ஒட்டாது, எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் தண்ணீர் நிற்காத மாதிரி விலகிவிடும்.

இதற்கு ஆலைகள் கண்டுபிடித்த வழி வேடிக்கையானது. உலையில் ஈரத்தைக் குறைப்பதற்குப் பதில் கொஞ்சம் கூட்டுகிறார்கள். அப்போது ஆக்சிஜன் உருக்குக்குள் இறங்கி, மாங்கனீசை அது வெளியே வருவதற்கு முன்பே தோலுக்குக் கீழே பிடித்து நிறுத்திவிடுகிறது. மேற்பரப்பு சுத்தமாகக் கிடைக்கும்.

டெல்லி இரும்புத் தூணில் நல்லது செய்த பாஸ்பரஸ்

உருக்காலைகளில் பாஸ்பரஸ் என்றாலே முகம் சுளிப்பார்கள். குறுணை எல்லையில் சேர்ந்து உருக்கை நொறுங்க வைக்கும். டெல்லி குதுப்மினார் வளாகத்தில் சுமார் 1,600 ஆண்டுகளாக நிற்கும் இரும்புத் தூணில் பாஸ்பரஸ் இன்றைய உருக்கைவிடப் பல மடங்கு அதிகம், சுமார் 0.25 சதவீதம். அந்தக் காலத்தில் சுண்ணாம்புக் கல் சேர்த்து உருக்காததால் பாஸ்பரஸ் கழியாமல் தங்கிவிட்டது.

அந்தத் தூண் ஏன் துருப்பிடித்து உதிரவில்லை என்பதற்கு கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் 2000-ஆம் ஆண்டில் சொன்ன விளக்கம் இது: முதலில் கொஞ்சம் துருப்பிடித்தது. இரும்பு போகப் போக, துருவுக்கும் உலோகத்துக்கும் நடுவே பாஸ்பரஸ் சேர்ந்துகொண்டே வந்தது. மழையில் நனைந்தும் காய்ந்தும் அது ஒரு பாஸ்பேட் படலமாக இறுகி, மேற்கொண்டு துருப்பிடிப்பதைத் தடுத்துவிட்டது. டெல்லியின் வறண்ட காற்றும் துணை. அதே தூண் பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் நின்றிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

பழைய இரும்புக்கடையும் செம்பும்

வீடு கட்டுபவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது. தமிழ்நாட்டில் சிறிய ஆலைகள் பல, பழைய இரும்பை உருக்கித்தான் கம்பி தயாரிக்கின்றன. சுற்றுச்சூழலுக்கு இது நல்ல விஷயம். ஆனால் பழைய இரும்போடு மோட்டார் காயில், ஒயர் என்று செம்பும் உள்ளே போய்விடும். உருகிய உருக்கிலிருந்து செம்பைத் திரும்ப எடுப்பதற்கு ஆலைகளுக்குக் கட்டுப்படியாகும் வழி இல்லை. குரோமியமும் மாங்கனீசும் ஆக்சிஜனோடு சேர்ந்து கசடாக வெளியேறும். செம்பு சேராது, அப்படியே தங்கும்.

இந்த உருக்கை 1,100 டிகிரிக்கு மேல் சுட்டு உருட்டும்போது மேலே இரும்பு எரிந்து செதிலாகப் போகிறது. செதிலின் அடியில் செம்பு சேர்ந்துகொண்டே வரும். ஓர் அளவுக்கு மேல் இரும்பால் அதைத் தாங்க முடியாது. செம்பு 1,085 டிகிரியில் உருகும். ஆக, உருட்டும் நேரத்தில் தகட்டின் தோலில் திரவச் செம்பு நிற்கிறது. அது குறுணை எல்லைகள் வழியாக உள்ளே ஊறுகிறது. உருளை அழுத்தும்போது மேற்பரப்பு வெடிக்கிறது.

மொத்தத்தில் 0.2 சதவீதச் செம்பு இருந்தாலே ஆலைக்காரர்கள் கவனமாவார்கள். வெள்ளீயமும் கூட இருந்தால் நிலைமை இன்னும் மோசம். நிக்கல் கொஞ்சம் சேர்த்தால் தப்பிக்கலாம், ஏனென்றால் நிக்கலும் அதே இடத்தில் மிச்சம் நின்று, செம்பு உருகி ஓடாமல் பிடித்து வைக்கும். ஆனால் நிக்கல் விலை அதிகம். அதனால் பழைய இரும்பைத் தரம் பிரிக்கும்போதே செம்புக் கம்பியை உருவி எடுத்துவிடுவதுதான் மலிவான வைத்தியம். அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் பழைய இரும்புக் கடையில் தினக்கூலிக்கு உட்கார்ந்து மோட்டாரை உடைப்பவர்கள். உருக்கின் தரம் அவர்கள் கையிலும் இருக்கிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கம்பி வாங்கும்போது இதைக் கண்ணால் ஓரளவு பார்க்கலாம். மேலே லேசாகப் பழுப்பாகத் துரு படிந்திருப்பது பெரிய குறை அல்ல. முடி போன்ற குறுக்கு வெடிப்புகள், மீன் செதில் மாதிரி எழும்பிய தோல், வளைத்தால் வெளிப்பக்கம் பிளப்பது, இவை தெரிந்தால் அந்தக் கட்டைத் திருப்பி அனுப்பலாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஆலையின் சோதனைச் சான்றும் கேட்டு வாங்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.